உங்கள் அருகில் ஐயாசாமி

இழவு வீட்டில்கூட இப்போதெல்லாம் யாரும் தலை நிமிர்வதில்லை. செத்துப்போனவர் கண்ணாடி மூடிக்குள் விறைத்துக் கிடப்பார். சுற்றிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற சொந்தபந்தம், ஒறம்பரை சனம் அத்தனையும் குனிந்து செல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கும். அழுகிற பொம்பளைகள்கூட ஒரு கையால் மூக்கைச் சிந்தி மறு கையால் தேய்க்கிறார்கள். சுடுகாட்டுக்கு வழி தெரிந்த உள்ளூர்க்காரன் பக்கத்திலேயே வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனைக் கேட்கமாட்டார்கள். செல்லைக் கேட்பார்கள். அது சந்து சந்தாகச் சுற்றி அவர்களை ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் கொண்டுபோய் விடும். இதையெல்லாம் நாற்காலி அடுக்குகிற நேரத்தில் பார்த்துப் பார்த்து, ஐயாசாமிக்கு மனுஷர் மேல் இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் கரைந்துபோயிருந்தது.

ஐயாசாமி தொண்டாமுத்தூரில் ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறவர். கூடவே ஷாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலியும் உண்டு. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார், படித்ததை நம்பமாட்டார். பேச்சில் வழவழப்புக் கிடையாது. “கரண்டு எங்க இருக்குது? பெட்டிய எங்க வெக்கோணும்? எப்ப எடுக்கறீங்க?” இதற்கு மேல் துக்க வீட்டில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

அந்தத் தொழிலுக்கென்று ஒரு ஒழுங்கை அவர் வைத்திருந்தார். விசிட்டிங் கார்டு அடிக்கவில்லை. யாரிடமும் போய் வேலை கேட்டதில்லை. சீக்காளி இருக்கிற வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பமாட்டார். ஆஸ்பத்திரி வழியாகப் போயே ஆகவேண்டும் என்றால் பெட்டி மேல் தார்ப்பாயைப் போட்டு, நாலு பக்கமும் கட்டி, வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போவார். கிளம்பும்போது “வாரேன்” என்று சொல்லமாட்டார். துக்க வீட்டில் அதை யாருமே சொல்வதில்லைதான். ஆனால் ஒறம்பரை சொன்னால் வாய் தவறியது என்று விட்டுவிடுவார்கள். பெட்டிக்காரன் சொன்னால் வீட்டில் இருக்கிற கிழவர்கள் எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படி இருந்தவரைத்தான் வாடகைப் பொருள் உரிமையாளர் சங்கத்துச் செயலாளர் அரங்கசாமி ஒரு நாள் டீக்கடையில் மடக்கினார்.

“ஏனுங்க ஐயாசாமியண்ணா, உங்களுக்கு வெப்சைட் இருக்குதுங்களா?”

“அது எதுக்குங்க?”

“டிராஃபிக் வரும்ங்க. ஆளுக தேடி வருவாங்க.”

“என்ற தொழிலுக்கு ஆளு தானா வருவாங்க. வராம ஆரும் தப்பிச்சதில்ல.”

அரங்கசாமி சிரிக்கவில்லை. செயலாளர் ஆன பிறகு அவர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். “சரவணம்பட்டியில மையம் இருக்குதுங்க. எல்லாம் இலவசம். அங்க போயி சர்ட்டிபிகேட் வாங்காதவங்க பேரை நம்ம சங்கத்து போர்டுல அழிச்சுப்போடறதுன்னு தீர்மானம் ஆயிருச்சு. உங்களுக்காகத் தீர்மானத்த மாத்த முடியுங்களா?”

சங்கத்து போர்டில் பேர் ஏறுவதற்காக ஐயாசாமி பல வருஷம் கூட்டத்தில் பின்னால் நின்றே பேச்சுக் கேட்டவர். நாற்காலி வாடகைக்கு விடுகிறவனுக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி கிடையாது. அப்புறம் ஒரு நாள் பேரும் ஏறியது, நாற்காலியும் வந்தது. அதை அழிப்பார்கள் என்றதும் அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மறுநாளே சரவணம்பட்டிக்கு பஸ் ஏறினார்.

கொங்கு இலவசத் தேடல் மேம்பாட்டு மையம் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் மாடியில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே மேடையில் ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் குத்துவிளக்கு. அதில் எண்ணெயும் இல்லை, திரியும் இல்லை; ஸ்விட்சைப் போட்டால் எரிந்தது. வந்தவர் கழுத்திலெல்லாம் ‘தேடல் பயிலுநர்’ என்று அட்டை மாட்டினார்கள். மேலே போகப் போகத் தேடல் மணி, தேடல் இரத்தினம், தேடல் சக்கரவர்த்தி என்றெல்லாம் படிகள் இருக்கின்றனவாம். பிறகு எல்லோரும் எழுந்து வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள்: “தேடப்படாதவன் இல்லாதவன். நான் தேடப்படுவேன். முதல் பக்கத்தில் வருவேன். இரண்டாம் பக்கத்துக்குப் போகமாட்டேன்.”

ஐயாசாமியும் கையை நீட்டினார். எல்லோரும் நீட்டும்போது நீட்டாமல் இருப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

மைய இயக்குநர் சசிதர் கழுத்தில் டையும் கன்னத்தில் ஒட்டிய மைக்குமாக வந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு வரிசைதான். ஆனாலும் கொடிசியா மைதானத்து மாநாட்டில் பேசுகிற மாதிரிப் பேசினார்.

“பெரியோர்களே, அம்மணிகளே! இந்த மையம் இலவசம். ஜனங்க எந்த வார்த்தையப் போட்டுத் தேடறாங்கன்னு காட்டற கீவேர்டு டூல் இலவசம். அது குடுக்கற தகவல் இலவசம். இலவசமா குடுக்கறதால சரியாத்தான் குடுக்கோணும்னு அதுக்கு ஒரு கட்டாயமும் இல்லீங்க. ஆனா நாம நம்போணும். நம்பிக்கைதான் நம்ம மொத மூலதனம். ஜனங்க என்ன நெனைக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கறதுக்கு அந்தக் காலத்துல அவங்ககிட்டப் பேச வேண்டியிருந்துச்சு. அந்தக் கஷ்டம் இனி நமக்கு இல்லீங்க!”

கைதட்டல் ஓய்ந்ததும் ஐயாசாமி எழுந்தார். “ஒண்ணு கேக்கலாமுங்களா?”

“கேளுங்க ஐயா, கேளுங்க. தேடல்னாலே கேள்விதானுங்களே.”

“உங்க மையத்துக்கு ஆளுகளெல்லாம் இந்த டூலுல தேடித்தான் வர்றாங்களா?”

“இல்லீங்க ஐயா. சங்கத்துல சொல்லி, பேரை அழிப்போம்னு தீர்மானம் போட வெச்சு வரவழைக்கறோம்,” என்றார் சசிதர் மனசு நிறைய. “அது உறுதியா வேலை செய்யுதுங்க.”

பாடம் நடத்தியவள் பிரத்யுஷா என்ற பெண். மரியாதை தெரிந்த பிள்ளை. ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து குனிந்து நின்று, “உங்க தொழில் என்னங்க ஐயா? ஜனங்க செல்லுல என்ன வார்த்தை போட்டு உங்களைத் தேடுவாங்க?” என்று கேட்டாள். போர்வெல் வண்டி வைத்திருக்கிற ஜெரோம் “போர் போடறது” என்றார். அந்த வார்த்தைக்குப் போட்டி ஜாஸ்தி என்று டூல் சிவப்புக் காட்டியது. ஜனங்கள் அதிகம் தேடுவது ‘மழை எப்போது வரும்’ என்பதைத்தான், அதற்குப் பச்சை காட்டியது. அன்று மாலைக்குள் ஜெரோமுக்கு ஒரு வெப்சைட் பக்கம் தயாராகிவிட்டது. ‘மழை எப்போது வரும்? வராது. ஜெரோமை அழையுங்கள்.’

“நான் என்ன வானிலை ஆபீசாங்க?” என்று ஜெரோம் ஐயாசாமியின் காதைக் கடித்தார். “நாளைக்கே மழை பேஞ்சா என்னைய ஒதைக்க வருவானுக.”

ஐயாசாமியின் முறை வந்தது. பிரத்யுஷா ‘ஃப்ரீசர் பாக்ஸ் தொண்டாமுத்தூர்’ என்று தட்டினாள். டூல் சக்கரம் சக்கரமாகச் சுற்றி யோசித்துவிட்டு, ‘போதிய தேடல் இல்லை’ என்றது.

“தேடலே இல்லீங்களே ஐயா,” என்று அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். “உங்க ஊருல யாரும் சாகறதில்லீங்களா?”

“சாகறாங்க கண்ணு. செத்தவங்க தேட மாட்டாங்க. இருக்கறவங்களுக்குத் தேட நேரம் இருக்காது. பக்கத்து ஊட்டுக்காரன் எனக்குப் போனைப் போடுவான்.”

“அப்ப அதுக்கு முன்னாடி என்ன தேடுவாங்க?” என்று அவள் கேட்டு முடிக்குமுன் திரையில் ஒரு பெட்டி வந்து மறைத்தது. ‘இன்றைய இலவசத் தேடல்கள் முடிந்துவிட்டன. நாளை வாருங்கள்.’

மறுநாள் போனார். அந்த மறுநாளைப் பற்றி நினைத்தால் ஐயாசாமிக்கு இப்போதும் காது சுடுகிறது. அன்று அவர் எழுந்து வந்திருக்கவேண்டும். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும்.

பிரத்யுஷா ‘அம்மாவுக்கு’ என்று மட்டும் தட்டினாள். ஜனங்கள் அதற்குப் பின்னால் என்னென்ன போட்டுத் தேடுகிறார்கள் என்பதைத் திரை ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டியது. அம்மாவுக்கு மூச்சு வாங்குது என்ன செய்ய. அம்மாவுக்கு கால் வீங்கினா பயமா. அம்மாவுக்கு நினைவு திரும்புமா. அம்மாவுக்கு டாக்டர் கை விரிச்சுட்டாங்க வேற வழி இருக்கா. எல்லாவற்றுக்கும் எதிரே பச்சைப்பசேல் என்று புள்ளிகள்.

ஐயாசாமி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே போனவர் பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

“ஏங்கண்ணு, இதெல்லாம் அவங்க தனியா இருந்து கேட்டதாட்ட இருக்குதே. சாமிகிட்டக் கேக்கறாப்பல.”

“அதுதாங்க ஐயா இதோட அழகே. தனியா இருக்கறப்பத்தான் உண்மையாத் தேடுவாங்க.”

பின்னால் நின்றிருந்த சசிதர் ஐயாசாமியின் தோளில் கை போட்டார். “ஐயா, வாடிக்கையாளருக்குன்னு ஒரு பயணம் இருக்குது. மூச்சு வாங்கறதுல ஆரம்பிக்கறாங்க. டாக்டர், ஆஸ்பத்திரி, ஐசியு எல்லாம் பாத்துட்டுக் கடைசியா உங்ககிட்ட எறங்கறாங்க. நீங்க கடைசி ஸ்டேஷன்ல போயி நிக்கறீங்க. அது தப்புங்க. மொத ஸ்டேஷன்லயே ஏறிக்கோணும். கூடவே போகோணும். எறங்கறப்ப வேற பெட்டி அவங்க கண்ணுல படவே கூடாது.”

சொல்லிவிட்டு, முதல் வரிசையில் நடு நாற்காலியைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்து, “நீங்க இங்க உக்காருங்க சார்,” என்றார். ‘சார்’ என்றார். ஐயாசாமியை அந்த வயது வரைக்கும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு அவர்கள் கேட்டதற்கெல்லாம், “செரிங்க,” என்றார். அதுதான் நடந்தது.

போட்டோ எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். தன் தொழிலுக்குச் சிரிக்கக்கூடாது என்று அவர் சொல்லிப்பார்த்தார். சிரிக்காத முகத்தைச் செல்லில் யாரும் தொடமாட்டார்கள் என்று ஆராய்ச்சியே இருப்பதாகச் சசிதர் சொன்னார். பக்கத்தின் கடைசியில் ‘நன்றி, மீண்டும் வருக’ என்று போட்டபோதுதான் ஐயாசாமி ஒரு சண்டை போட்டார்.

“அம்மணி, துக்க ஊட்டுல வாரேன்னு கூடச் சொல்லமாட்டோம். நீ மறுக்கா வான்னு எழுதறயே, அடிக்க வரமாட்டானா?”

இதைப் பற்றி இயக்குநர் அறையில் நெடுநேரம் ஆலோசனை நடந்தது. கடைசியில் அந்த வரியை எடுத்துவிட்டு வேறு ஒன்று போட்டார்கள். ஆக மொத்தம் பக்கம் இப்படி வந்தது: ‘அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறதா? கவலை வேண்டாம். தலையணையை உயர்த்தி வையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். எதற்கும் தயாராக இருப்பது நல்லது.’ அதன் கீழே பல் தெரிய ஐயாசாமி, அவருடைய போன் நம்பர், கொட்டை எழுத்தில் ஒரு வரி: ‘உங்கள் அருகில் ஐயாசாமி. உங்களுக்காகக் காத்திருக்கிறார்.’

சர்ட்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு வந்தவர் அதை வீட்டில் ஆணியில் மாட்டினார். அவர் சம்சாரம் மயிலாத்தாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “செவுத்துல ஓட்டை போட்டதுதான் மிச்சம்,” என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

பிறகு போன் வர ஆரம்பித்தது. காலையில் பல் விளக்கும்போது வரும். சோற்றில் கை வைத்தால் வரும். அவிநாசியிலிருந்து ஒருத்தர், “டாக்டருங்களா, எங்கம்மாவுக்கு நாக்கு உலந்து போகுதுங்க,” என்பார். “நான் டாக்டர் இல்லீங்க,” என்பார் இவர். “அப்பறம் ஆருங்க நீங்க?” இந்தக் கேள்விக்கு ஐயாசாமி நாள் பூராவும் பதில் தேடினார். “பெட்டிக்காரன்” என்று சொன்னால் எதிர்ப்பக்கம் மூச்சு நின்ற மாதிரி ஆகிவிடும். அப்புறம் டொக் என்று வைத்துவிடுவார்கள். ஒருத்தன் வைக்கவில்லை. அவருடைய ஏழு தலைமுறையையும் நிதானமாகத் திட்டி முடித்துவிட்டுத்தான் வைத்தான். ஐயாசாமி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். அவன் சொன்னதில் தப்பாக எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு சாயங்காலம் ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது. “டாக்டர் சாருங்களா? எங்க பாட்டிக்கு ரொம்ப மூச்சு வாங்குதுங்க. ஊட்டுல யாரும் இல்லீங்க. தலையணை வெச்சுப் பாத்துட்டேன், ஜன்னலும் தொறந்துட்டேன். அடுத்தது என்ன பண்ணோணும்ங்க?”

“எந்த ஊரு கண்ணு?”

“தொண்டாமுத்தூருங்க. சீனிவாசலு நாயுடு தோட்டம்ங்க.”

ஐயாசாமி கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். பேசுவது பூஜிதா, சீனிவாசலு நாயுடுவின் பேத்தி. பாட்டி என்றால் வெங்கடம்மாள். இளவட்டமாக இருந்தபோது அந்தத் தோப்பில்தான் ஐயாசாமி தேங்காய் உரித்தார். மயிலாத்தாள் தலைப்பிரசவத்தில் இரண்டு நாள் துடித்தபோது, “எங்க ஊட்டுக் காருல ஏத்துங்கடா அவளை. அழுக்கானா சீட்டைக் கழுவிக்கலாம்,” என்று சத்தம் போட்டு ஏற்றி அனுப்பியது அந்த அம்மாள்தான். பெட்டி வாங்கி அவர் தொழில் ஆரம்பித்தபோது, நடு வீட்டுக்குள் கூப்பிட்டு நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்ததும் அந்த அம்மாள்தான். ஊரில் அதற்கு முன் அவருக்கு நாற்காலி போட்ட வீடு இல்லை.

“கண்ணு, இந்த போனை வெச்சுட்டு ஒடனே ஆம்புலன்சுக்குப் போடு. ஆரையும் கேக்காத. நேரா ஆஸ்பத்திரி.”

பிள்ளை திரையைக் கீழே தள்ளிப் பேரைப் பார்த்திருக்க வேண்டும்.

“...ஐயாசாமித் தாத்தாவுங்களா?”

தூரத்தில், இழுத்து இழுத்து விடுகிற மூச்சுக்கு நடுவே வெங்கடம்மாளின் குரல் கேட்டது. “ஆரு கண்ணு போனுல?”

“ராங் நம்பருங்க பாட்டி,” என்றாள் பூஜிதா. போன் நின்றது.

அதற்குப் பிறகு ஐயாசாமி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வெங்கடம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று டீக்கடைப் பேச்சு மயிலாத்தாள் வழியாக வந்தது. போய்ப் பார்க்கலாமா என்று அவர் கேட்கவே இல்லை. பெட்டிக்காரன் ஆஸ்பத்திரிக்குப் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

“சிரிச்ச மொகத்தோட போட்டோ போட்டீங்கல்ல, அதே மொகத்தோட போயிப் பாருங்க,” என்றாள் மயிலாத்தாள். “என்னைய அவங்க காருல ஏத்துனாங்க. நீங்க அவங்களை எதுல ஏத்தறதுன்னு செல்லுல போட்டு வெச்சிருக்கறீங்க.”

அவர் போனை எடுத்துப் பிரத்யுஷாவைக் கூப்பிட்டார். “கண்ணு, அந்தப் பக்கத்தை எடுத்துப்போடு.”

“ஐயோ ஐயா! நம்ம மையத்துலயே உங்களுக்குத்தான் டிராஃபிக் மொதல்ல. சனிக்கிழமை விழா வெச்சிருக்கோம். நீங்கதான் தேடல் சக்கரவர்த்தி. நேர்ல வாங்க, எதுன்னாலும் பேசிக்கலாம்.”

பக்கத்தை எடுக்கவைக்க வேறு வழி தெரியாமல் சனிக்கிழமை போனார். வாசலிலேயே சால்வை போட்டு மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். திரையில் பச்சைக் கோடு ஒன்று தரையில் கிடந்து, பிறகு மருதமலைப் படி மாதிரி ஏறிக்கொண்டே போனது. சசிதர் அதைக் குச்சியால் தடவிக்கொடுத்தார்.

“பாருங்க! நம்ம ஐயாசாமி சார் பக்கத்துக்கு இத்தனை பேரு வந்திருக்காங்க. ஒருத்தர் கேட்டாரு, இதுல எத்தனை பேரு பெட்டி எடுத்தாங்கன்னு. ஒருத்தர்கூட எடுக்கலீங்க! அது தோல்வியா? இல்லீங்க. இதுக்கு என்ன அர்த்தம்? வந்தவங்க வீட்டுல நோயாளிங்க முக்காவாசிப்பேரு இன்னும் உசுரோடதான் இருக்காங்க. அதாவது நம்ம மார்க்கெட் முழுசா அப்படியே மிச்சம் இருக்குது!”

கூட்டம் கைதட்டியது. ஜெரோம் மட்டும் தட்டவில்லை; முந்தின நாள் மழை பெய்திருந்தது.

ஐயாசாமி மைக்கைக் கேட்டு வாங்கினார். வாய் திறக்கும்போது சட்டைப் பையில் போன் அடித்தது.

“வந்துருச்சு பாருங்க, லைவ்ல ஒரு அழைப்பு!” என்று சசிதர் குதித்தார். ஐயாசாமி தடுக்குமுன் போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரில் போட்டு, மைக்கில் வைத்தார். “வணக்கம், ஐயாசாமி ஃப்ரீசர் பாக்ஸ்!”

“ஐயாசாமி இருக்கறானா?” அரங்கம் முழுக்க அந்தக் குரல் இரைந்தது. சளி கட்டிய, தளர்ந்த குரல். “நான் வெங்கடம்மா பேசறேன்.”

ஐயாசாமி சால்வையோடு நின்றார். “இருக்கறேனுங்கம்மா.”

“ஊட்டுக்கு வந்துட்டேன்டா. பேத்தி எதையோ மறைக்கறாளேன்னு போனை வாங்கிப் பாத்தேன். எனக்காக நீ காத்திருக்கறேன்னு போட்டிருக்குது.” இடையில் இருமல் வந்தது. அது முடிகிற வரைக்கும் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “ஏண்டா, உனக்கு நான் என்ன கொறை வெச்சேன்?”

“தப்புப் பண்ணிப்போட்டேனுங்கம்மா.”

“ஆகட்டும். என்னைக்கு இருந்தாலும் உன்ற பெட்டிலதான். அது எனக்கும் தெரியும். ஆனா கொஞ்ச நாளைக்கு ஊட்டுப் பக்கம் வந்துபோடாத. உன்னையப் பாத்தா பேத்தி பயந்துக்கறா.”

வைத்துவிட்டாள். சசிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இதைத்தாங்க உணர்வுபூர்வமான பிணைப்புன்னு நாங்க பாடத்துல சொல்றது. என்னைக்கு இருந்தாலும் உன்ற பெட்டிலதான்! உறுதியான வாடிக்கையாளர், நோயாளி வாயாலயே!”

ஐயாசாமிக்கு மைக்கில் பேசி வழக்கமில்லை. அதைக் கடப்பாரையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டார். “எங்கப்பன் ஊரு ஊரா நடந்து எழவு சேதி சொன்னவன். வெயில்ல ஓடி, வாசல்ல நின்னு, செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டுச் சொல்லுவான். அந்த வேலை எனக்கு வேண்டாம்னுதான் நான் பெட்டி வாங்கினேன். ஆளு செத்ததுக்கப்பறந்தானுங்க எங்கப்பன் சேதி சொன்னான். நீங்க என்னைய உசுரோட இருக்கறவங்க ஊட்டுக்கு அனுப்பிப்போட்டீங்க. போனது நானுந்தான். எடுங்க அந்தப் பக்கத்த.”

சொல்லி முடித்ததும் அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

“பிரத்யுஷா, எழுதிக்கம்மா!” என்றார் சசிதர். “‘இரண்டு தலைமுறை அனுபவம்.’ இதைப் பக்கத்துல மேல போட்டோம்னா நம்மளை யாரும் தொட முடியாது. எடுக்கறதுங்கறீங்க, எதுக்குங்க சார்? ஏத்தறதுதான் எங்க சேவை. எறக்கறது எங்க திட்டத்துலயே இல்லீங்க. இதுவரைக்கும் ஆரும் கேட்டதில்ல.”

அப்படியே அடுத்த விருதுக்குப் போய்விட்டார். தரையில் கிடந்த இன்னொரு கோடு திரையில் ஏற ஆரம்பித்தது.

ஐயாசாமி சால்வையை எடுத்து மடித்து, மாலை போட்ட கம்ப்யூட்டர் மேல் வைத்துவிட்டு இறங்கினார். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பிரத்யுஷா பின்னாலேயே ஓடிவந்தாள். அவள் முகம் சிவந்து கிடந்தது. கையில் செல் இருந்தது. எதையோ வேகமாக அமுக்கினாள்.

“எடுத்துட்டேனுங்க ஐயா. சாருக்குத் தெரியாது. இதோ பாருங்க, பக்கம் காலியா இருக்குது.”

அவர் பார்க்கவில்லை. ஒரு செருப்பு கிடைத்தது. மற்றதைக் காலால் துழாவினார்.

“உங்க போட்டோ மட்டும் தேடறப்ப இன்னும் கொஞ்ச நாளைக்கு வருமுங்க. அப்பறம் தன்னால மறந்துரும்ங்க ஐயா.”

“எது மறந்துரும்?”

“தேடல்ங்க.”

“அது மறந்து எனக்கென்ன கண்ணு ஆகப்போகுது?” என்றார் ஐயாசாமி.

மற்றச் செருப்பும் கிடைத்தது. அவர் மாட்டிக்கொண்டு படியிறங்கினார். “நெஜமாலுமே எடுத்துட்டேனுங்க ஐயா, ஒரு தடவை பாத்துட்டுப் போங்க,” என்று அவள் மேலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் தொண்டாமுத்தூர்ப் பக்கம் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று ரோட்டோரத்தில் ஒரு பூக்காரியைக் கேட்டு, அவள் கை காட்டிய திசையில், அது சரியாக இருக்குமா என்ற சந்தேகத்தோடேயே நடந்தார்.